மாத்திரைக்குக் கேட்காத நெஞ்சும் மாத்திரைக்குக் கேட்காத தொண்டையும்

நம் ஊர் மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ என்று சொன்னால் போதும், பேண்டோபிரசோல் அட்டை ஒன்று கைக்கு வந்துவிடும். மார்புக்குழி எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது என்று வருபவருக்கும் அதுதான். நாள் முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உள்ள ஏதோ அடைச்ச மாதிரியே இருக்கு, எச்சில் முழுங்கினா தெரியுது, சோறு முழுங்கினா தெரியல” என்று சொல்பவருக்கும் அதுதான். சில மாதங்கள் கழித்து இருவரும் ஒரே வார்த்தையோடு திரும்புவார்கள்: “மாத்திரைக்குக் கேட்கவே இல்லை.” அப்போதும் இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. ஒருவேளை மாத்திரை இருவேளையாகும். டோம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையாக மாறும்.

இந்த இரண்டு ‘கேட்கவில்லை’யும் ஒன்றல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. நெஞ்செரிச்சல் மாத்திரைக்கு அடங்கவில்லை என்றால், ஏன் அடங்கவில்லை என்பதைப் பெரும்பாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். தொண்டைத் தொல்லை அடங்கவில்லை என்றால், அது அமிலத்தால் வந்ததுதானா என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அது இரைப்பையைச் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் மூடிக்கொள்வது அதன் வேலை. ஏப்பம் வெளியேறுவதற்காக அது இடையிடையே தானாகத் தளர்வதும் உண்டு. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு இந்தத் தளர்ச்சி அதிகமாகும். அந்த நேரத்தில் இரைப்பையில் இருப்பது மேலே ஏறுகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். உணவுக்குழாயில் அமிலம் நிற்கும் நேரம் ஒரு நாளில் 4 சதவீதத்துக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் மருத்துவர்கள் அதை இயல்பு என்றே கொள்கிறார்கள். 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி. இடைப்பட்டது ஐயத்துக்குரியது.

உணவுக்குழாய் இந்த அமிலத்தைத் தாங்கப் பழகியது. அலையலையாகச் சுருங்கி ஏறியதைக் கீழே தள்ளும். விழுங்கும் எச்சிலில் உள்ள பைகார்பனேட் மிச்சத்தைக் கழுவிவிடும். குரல்வளைக்கு இந்த வசதிகள் அந்த அளவுக்கு இல்லை. அதனால் நெஞ்சில் எரிச்சலே தோன்றாத அளவு சிறிதாக ஏறினாலும் தொண்டை புண்படலாம் என்ற கருத்து உருவானது. இதை வலுவாக முன்வைத்தவர் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேமி கூஃப்மன். 1991இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வுரை இந்தத் துறைக்கே ஒரு தொடக்கம். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இரவில் படுக்கையில் ஏறுகிறது, தொண்டைக்காரர்களுக்குப் பகலில் நிமிர்ந்திருக்கும்போதே ஏறுகிறது என்ற ஒப்பீடும் அவர் வழி வந்ததுதான். அமிலத்தோடு சேர்ந்து ஏறும் பெப்சின் என்ற செரிமான நொதி தொண்டைத் திசுவில் தங்கிவிடுகிறது, பின்னால் அமிலம் பட்டால் மீண்டும் உயிர்பெறுகிறது என்று ஆய்வகச் சோதனைகளும் காட்டின. கருத்து கவர்ச்சியானது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதன் விளைவாக, காரணம் தெரியாத தொண்டைத் தொல்லை எல்லாவற்றுக்கும் அமிலமே பொறுப்பு என்ற வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது.

மாத்திரை என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1988இல் ஸ்வீடனிலிருந்து சந்தைக்கு வந்த ஒமிபிரசோல்தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. பேண்டோபிரசோல், ராபிபிரசோல், லான்சோபிரசோல், எசோமிபிரசோல் எல்லாம் அதன் வழி வந்தவை. இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகளை இவை முடக்குகின்றன. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் பம்பைத்தான் முடக்க முடியும். சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் விழிக்கும். மருந்தோ ரத்தத்தில் ஓரிரு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். ஆகவே சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். இட்லியோடு சேர்த்துப் போட்டாலும், இரவு படுக்கும்போது போட்டாலும் பாதிப் பயன் போய்விடும். இன்னொன்று, இந்த மாத்திரை தசை வளையத்தை இறுக்குவதில்லை. மேலே ஏறுவது ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறுவதன் புளிப்பு மட்டும் குறையும். எரிச்சல் நின்று எதுக்களிப்பு நிற்காதவர்கள் குழம்புவது இதனால்தான்.

இனி இரண்டு மருத்துவ ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று நெஞ்சைப் பற்றியது, மற்றது தொண்டையைப் பற்றியது.

முதலாவது அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்தது. ஸ்பெக்லர் தலைமையிலான குழு 2019இல் அதை வெளியிட்டது. மாத்திரைக்குக் கேட்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். எடுத்த எடுப்பில் அவர்களுக்குப் புது மருந்து எதுவும் தரவில்லை. ஒமிபிரசோல் 20 மில்லிகிராம் இருவேளை, உணவுக்கு முன் சரியான முறையில், 2 வாரம். அவ்வளவுதான். 42 பேருக்கு எரிச்சல் தணிந்துவிட்டது. மாத்திரைக்குக் கேட்கவில்லை என்று பெயர் வாங்கியிருந்தவர்கள் இவர்கள்! இந்த ஓர் எண்ணிக்கைக்காகவே அந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வேன். எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று நோயாளியிடம் கேட்க ஒரு நிமிடம் போதும்.

மீதிப் பேருக்கு எண்டோஸ்கோபி, திசுப் பரிசோதனை, உணவுக்குழாய் அழுத்தச் சோதனை, 24 மணி நேர அமிலப் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய் இருந்தது. 99 பேருக்கு எரிச்சல் இருந்தது, ஆனால் அமிலமும் இல்லை, வேறு நோயும் இல்லை. உணவுக்குழாயின் நரம்புகள் மிகையாக உணரும் நிலை. சோதனைகளை முடிக்காதவர்களும் வேறு காரணங்களால் விலக்கப்பட்டவர்களும் போக, மாத்திரையையும் மீறி உண்மையிலேயே எதுக்களிப்பால் எரிகிறது என்று உறுதியானவர்கள் 78 பேர்தான். அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைத்து வளையத்தை இறுக்கும் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டில் 67 சதவீதத்தினர் நன்கு தேறினார்கள். ஒமிபிரசோலோடு பேக்லோஃபென் என்ற மருந்தும், தேவைப்பட்டவர்களுக்கு நரம்பு மருந்தும் பெற்றவர்களில் 28 சதவீதம். ஒமிபிரசோலை மட்டும் தொடர்ந்தவர்களில் 12 சதவீதம்.

இரண்டாவது ஆய்வு பிரிட்டனில் 8 மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியானது. தொண்டைக் கரகரப்பு, செருமல், அடைப்புணர்வு, விடாத இருமல் என்று வந்த 346 பேர். பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் 30 மில்லிகிராம் இருவேளை. மறுபாதிக்கு மருந்தே இல்லாத, பார்க்க அதே மாதிரியான மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 16 வாரம் கழித்து அறிகுறிகளை மதிப்பெண்ணால் அளந்தார்கள். தொடக்கத்தில் இரு குழுவுக்கும் சராசரி 22 மதிப்பெண்ணை ஒட்டி இருந்தது. முடிவில் உண்மை மருந்து பெற்றவர்களுக்கு 17.4, வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 15.6. மருந்தால் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

இரண்டும் சொல்வது வேறு வேறு. நெஞ்செரிச்சல் ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் தேடப்பட்டது, காரணம் கிடைத்தவர்களுக்கு வழியும் கிடைத்தது. தொண்டை ஆய்வில், நடைமுறையில் எப்படிக் கொடுக்கிறார்களோ அப்படியே, அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தார்கள். அந்த நடைமுறைதான் தோற்றது. அமிலம் ஏறுகிறது என்று சோதனையில் உறுதியான தொண்டைக்காரர்களுக்கும் மாத்திரை வீண் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. சோதிக்காமல் கொடுப்பது வீண் என்று உறுதியாகவே சொல்லலாம்.

வெற்று மாத்திரையிலும் குறைந்ததே, அப்படியானால் இது மனப்பிரமையா என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வி நோயாளியை மிகவும் புண்படுத்துவது. தொண்டையும் குரல்வளையும் உடலிலேயே மிக நுட்பமாக உணரும் இடங்களைச் சேர்ந்தவை. தண்ணீர்த்துளி ஒன்று மூச்சுக்குழாய்ப் பக்கம் போனாலே புரையேறுவது அதனால்தான். ஒரு சளிக்காய்ச்சலோ, சில நாள் அமிலமோ, ஓயாத பேச்சோ அந்த நரம்புகளை ஒருமுறை தூண்டிவிட்டால், தூண்டியது போன பிறகும் அவை அடங்க மறுக்கின்றன. செருமத் தோன்றுகிறது. செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்குகின்றன. வீக்கம் சளி ஒட்டியிருப்பதுபோல் உணர்த்துகிறது. மறுபடியும் செருமல். அந்தத் தொல்லை முழுக்க உண்மை. அதற்கு அமிலம் மட்டும் காரணமாக வேண்டியதில்லை.

நோயைக் கண்டறிவதிலும் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ப் புண் தெரிந்தால் பேச்சு முடிந்தது. புண் தெரியாமலே எதுக்களிப்பு உள்ளவர்களும் நிறைய. அவர்களுக்கு அமிலப் பதிவு தீர்ப்புச் சொல்லும். தொண்டைக்கு அப்படி ஒரு தீர்ப்பான சோதனை இல்லை. குரல்வளையைக் குழாய்க் கேமராவில் பார்த்து, சிவந்திருக்கிறது, தடித்திருக்கிறது, அமிலம்தான் என்று எழுதிக்கொடுப்பது வழக்கம். ஆனால் அந்தச் சிவப்பு எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும் தென்படுகிறது. புகைப்பவர்களிடம், ஒவ்வாமைக்காரர்களிடம், நாள்தோறும் உரக்கப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடமும் தென்படுகிறது. 9 கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியலும் புழக்கத்தில் உண்டு. 45க்கு 13ஐத் தாண்டினால் எதுக்களிப்பு என்பார்கள். மூக்கிலிருந்து சளி பின்பக்கமாக இறங்குபவரும் அந்த 13ஐ எளிதாகத் தாண்டிவிடுவார். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் கழகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதை உணர்ந்து எழுதப்பட்டது: தொண்டைத் தொல்லை மட்டும் இருந்து நெஞ்செரிச்சல் இல்லாதவருக்கு, மாத்திரை தொடங்கும் முன்பே எதுக்களிப்புச் சோதனை செய்ய வேண்டும் என்கிறது.

மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு ஒரு நாள் முழுக்க வைத்திருக்கும் அந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டில் போடும் மற்ற மருந்துகளின் சீட்டை எடுத்துப் பார்ப்பது. ரத்த அழுத்தத்துக்கான ராமிபிரில், எனலாபிரில் வகை மருந்துகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து குரலைக் கம்மச் செய்யும். உறிஞ்சியதும் வாய் கொப்பளித்தால் குறையும். நிஃபெடிபின் போன்றவை கீழ்த்தசை வளையத்தைத் தளர்த்தி நெஞ்செரிச்சலைக் கூட்டும். இவற்றை நாமாக நிறுத்தக்கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று இருக்கிறது.

நாள்தோறும் சமாளிப்பதைப் பொறுத்தவரை, சில வழிகள் இரண்டுக்கும் பொது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேர இடைவெளி அவற்றில் முதன்மையானது. ஒன்பதரைக்குத் தோசை, பத்தரைக்குப் படுக்கை என்று வாழும் வீடுகளில் எந்த மாத்திரையும் முழுதாக வேலை செய்யாது. தலைப்பக்கக் கட்டில் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வைக்கலாம். தலையணைமேல் தலையணை அடுக்குவது தவறு. இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும். பாயில் படுப்பவர்களுக்குச் சரிவான மெத்தைத்துண்டு உதவும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமைகிறது, ஏறிய அமிலம் சீக்கிரம் இறங்குகிறது. தொப்பை குறைந்தால் நெஞ்செரிச்சல் குறைவது உறுதியாக நிறுவப்பட்டது. தொண்டைக்கு அந்த அளவு உறுதி இல்லை.

உணவைப் பற்றி ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். புளி கூடாது, காரம் கூடாது, தக்காளி கூடாது என்று எல்லாவற்றையும் ஒதுக்கி, மோர்ச்சோற்றில் உடம்பைக் கரைத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. எதைச் சாப்பிட்டால் உங்களுக்கு ஏறுகிறதோ அதை மட்டும் விலக்கினால் போதும். அளவும் நேரமும் பொருளைவிடப் பெரிய விஷயங்கள். எண்ணெயில் பொரித்ததும் புகையிலையும் மதுவும் எல்லோருக்கும் ஆகாது. 2017இல் நியூயார்க் பகுதியில் நடந்த ஓர் ஒப்பீடு தொண்டைக்காரர்களுக்கு ஊக்கம் தரும். பெரும்பாலும் காய்கறி, பருப்பு, தானியம் என்ற உணவும் காரத்தன்மையுள்ள தண்ணீரும் எடுத்த 99 பேரையும், மாத்திரை எடுத்த 85 பேரையும் பழைய பதிவேடுகளிலிருந்து ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்கள் உணவுக்குழுவில் 62.6 சதவீதம், மாத்திரைக்குழுவில் 54.1 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை என்பதால் உணவு மாத்திரையை வென்றது என்று அறிவிக்க இது போதாது. உணவைத் திருத்தியவர்கள் மாத்திரைக்காரர்களுக்குக் குறைந்துபோகவில்லை என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆல்ஜினேட் கலந்த சிரப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள் அது. மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம், மண்டபம் கரையோர மீனவர்கள் கட்டக்கோரை என்று சொல்லி எடுக்கும் சர்காசம் பாசி ஆல்ஜினேட் ஆலைகளுக்குத்தான் போகிறது. சாப்பாட்டுக்குப் பின் இந்த சிரப்பைக் குடித்தால், இரைப்பையில் இருப்பதன்மேல் பாலாடைபோல் படர்ந்து மிதக்கும். ஏற முயல்வதைத் தடுக்கும். அமிலத்தைக் குறைப்பதைவிட ஏற்றத்தைத் தடுப்பது என்பதால், மாத்திரை போட்டும் எதுக்களிப்பு நிற்காத நெஞ்சுக்காரர்களுக்கு இது பொருத்தமான துணை. தொண்டைக்காரர்களுக்கும் பல மருத்துவர்கள் தருகிறார்கள். சோடியம் சேர்ந்தது என்பதால் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

தொண்டைக்கே உரிய சிகிச்சை ஒன்று நம் ஊரில் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடக்கிறது: குரல்பயிற்சி. பக்கவாதத்துக்குப் பின் பேசவும் திக்குவாய்க்கும் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர்களே இதையும் தருவார்கள். செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடிப்பது, அது இல்லாவிட்டால் எச்சிலை அழுத்தி விழுங்குவது, வயிற்றால் மெல்ல மூச்சுவிடுவது, கழுத்துத் தசையை இறுக்காமல் பேசுவது என்று எளிமையானவைதான். வாரக்கணக்கில் விடாமல் செய்தால் அந்தச் செருமல் சுழல் அறுபடுகிறது. வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சி உதரவிதானத்தையும் வலுப்படுத்துவதால் நெஞ்செரிச்சலுக்கும் பயன் தருகிறது. ஆஸ்திரியாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் உணவுக்குழாய் அமில நேரமே இதனால் குறைந்தது. இவற்றுக்கும் அடங்காவிட்டால், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மிகக் குறைந்த அளவில் மருத்துவர் எழுதலாம். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, ‘என்னை மனநோயாளி என்று நினைத்துவிட்டார்’ என்று அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த அளவில் அது நரம்பின் மிகையுணர்வைத் தணிக்கத்தான்.

பயனில்லை என்று தெரிந்த மாத்திரையை நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வில், எந்தத் தொல்லையும் இல்லாத நலமானவர்களுக்கு 8 வாரம் எசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு 44 சதவீதத்தினருக்கு அமிலத் தொல்லை புதிதாகத் தோன்றியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்குத்தான். அடக்கிவைத்த சுரப்பு விட்டதும் சில வாரம் மிகையாகச் சுரக்கிறது. நிறுத்தியதும் எரிகிறதே, அப்படியானால் மாத்திரை தேவைதான் என்று பலர் மறுபடியும் தொடங்குவது இதனால்தான். மருத்துவர் துணையோடு அளவைப் படிப்படியாகக் குறைத்து, அந்த இடைக்காலத்தை ஆல்ஜினேட்டால் கடந்துவிடலாம். உணவுக்குழாயில் கடும் புண் இருந்தவர்களும், ஆஸ்பிரினோ வலிநிவாரணியோ நாள்தோறும் எடுக்கும் முதியவர்களும் தாமாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு அது காவல்.

இரண்டுக்கும் உள்ள அபாயங்களும் வேறு. நெஞ்சில் எரிகிறது என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவருக்கு அது மாரடைப்பாக இருந்திருக்கிறது. எரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் அந்த நிமிடமே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். உணவு விழுங்கும்போது தடைபடுவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவை இருந்தால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். தொண்டையில் மறைந்திருக்கக்கூடியது புற்றுநோய். அதுவும் புகையிலையும் வெற்றிலைப்பாக்கும் பழகிய ஊர் நம்முடையது. குரல் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ, ஒரு பக்கக் காதுவலி விடாமல் இருந்தாலோ, இன்னொரு அட்டை கேஸ் மாத்திரை வாங்குவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை அது.